எழுதப்படாத ஸ்வரம்

பார்மா, 3 நவம்பர் 1957

இல்டே,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதைப் பிரித்திருக்கிறாய். அதற்கு முதலில் ஒரு நன்றி. நாம் பேச்சை விட்டு இருபத்திரண்டு மாதமாகிறது. நான் அண்ணன், தங்கைதான் முதலில் எழுத வேண்டும் என்று நான் உட்கார்ந்திருந்தேன். நீ என்ன நினைத்து உட்கார்ந்திருந்தாயோ தெரியாது. நேற்று டீனா சூப்புத் தட்டை என் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டு, "அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருல யாரு பெரிய கழுதைன்னு முடிவாகறதுக்குள்ள எனக்கு வயசாயிடும். இன்னிக்கே எழுதுறீங்க" என்றாள். கட்டின பெண்டாட்டியை எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. எழுதுகிறேன்.

தியேட்டரிலிருந்து உனக்குக் கடிதம் போயிருக்கிறது என்று போஸ்டர் ஒட்டுகிறவன் சொன்னான். டிசம்பர் 26, சீசனின் முதல் நாள், 'இருமல்காரி'. அதே நாள், அதே ஓபரா. பாட வருகிறாயா என்று மாத முடிவுக்குள் நீ பதில் சொல்ல வேண்டுமாமே. அடெல்மோவின் முடிதிருத்தகத்தில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் அத்தனை பேரும் என்னைத்தான் கேட்கிறார்கள், "வருவாளா? உன் தங்கச்சி வருவாளா?" எனக்கென்ன தெரியும்?

அதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. பட்டியலைப் பற்றித்தான் எழுத வந்தேன். வழக்கம்போல ஜனவரி ஆறாம் தேதி ஒயின் கடையில், தியேட்டர் உச்சி மாடியில் நின்று கேட்கிற நம் கேலரிக்காரர்கள் எல்லோரும் கூடி, உலகத்திலேயே அழகான ஓபரா எது என்று ஓட்டுப் போடப் போகிறோம். அடெல்மோ இந்த வருடம் சட்டங்களை அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டிவிட்டான். ஒருவருக்கு மூன்று ஓபரா. நிஜப் பெயரைச் சொல்லக் கூடாது, நாம் வைத்த பெயரைத்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். காரணத்தில் பாடகர் பெயர் வரக் கூடாது. காரணம் இல்லாத ஓட்டு செல்லாது. ஏதோ நாடாளுமன்றத் தேர்தல் நடத்துகிறவன் மாதிரி கீழே கையெழுத்து வேறு போட்டிருக்கிறான்.

நான் இப்போதே தயார். முதலில் 'கூனன்': கடைசி அங்கத்தில் ஆண்கள் வாயை மூடிக்கொண்டு முனகியே புயல்காற்றை உண்டாக்குகிறார்களே, அதற்காக. இரண்டாவது 'எகிப்து': அத்தனை யானைப் படாடோபத்துக்குப் பிறகு கல்லறைக்குள் இரண்டே பேர் மெல்லப் பாடிச் சாகிறார்கள். மூன்றாவது 'குண்டுக் கிழவன்': இந்த மூன்றையும் எழுதிய நம் ஊர்ப்பக்கத்து மனிதர், எண்பது வயதை நெருங்கும்போது, வாழ்நாள் முழுக்க மேடையில் ஆட்களைச் சாகடித்தது போதும் என்று சிரித்துக்கொண்டே எழுதியது.

உன் மூன்று எது? சும்மாதான் கேட்கிறேன்.

லெயார்கோ

*

தூரின், 9 நவம்பர் 1957

திரு. லெயார்கோ கிரார்டி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. உறையைக் கிழிக்கத்தான் நினைத்தேன். டீனா அண்ணி ஏதாவது எழுதியிருப்பாளோ என்று பிரித்தேன்.

கேட்டதற்குப் பதில். எனக்கு முதலில் 'பெயர் சொல்லாதது'. (கெட்டது அண்டாமல் இருக்க எழுதும்போதே இரும்புச் சாவியைத் தொட்டுக்கொண்டேன், பயப்பட வேண்டாம். அதன் பெயரைச் சொன்னால் மேடையில் ஏதாவது இடிந்து விழும் என்று நம்புகிறவள்தான் நானும்.) துறவிக் குகையின் வாசலில் நின்று அவள் நிம்மதி கேட்டுப் பாடுகிற இடத்துக்காக. எனக்கும் அதைத்தான் கேட்கத் தோன்றுகிறது. இரண்டாவது 'குளிர்கிற மாடி': இருட்டில் விழுந்த சாவியைத் தேடுகிற சாக்கில் இரண்டு கைகள் தொட்டுக்கொள்கின்றன, வேறு ஒன்றுமே நடப்பதில்லை. மூன்றாவதை நான் சொல்லப் போவதில்லை.

தங்கள் பட்டியலில் ஒன்று குறைகிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளாக 'இருமல்காரி'தான் தங்களுக்கு முதலிடம். ஊரே தங்களைக் கேலி செய்தபோதும் மாற்றிக்கொண்டதில்லை. போன ஜனவரியிலும் அதற்கு முந்தைய ஜனவரியிலும் அது தங்கள் பட்டியலில் இல்லை என்று கேள்விப்பட்டேன். சொன்னது யார் என்று கேட்காதீர்கள்.

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், அன்று, நான் பாடிய முதல் அங்கத்தின் கடைசி வரி முடிந்தது. நான் இன்னும் மூச்சுகூட விடவில்லை. மேலேயிருந்து விசில், மேடையை விட்டு இறங்கிப் போ என்கிற விசில். ஒரே ஒரு விசில். பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அந்த முதல் விசிலை எங்கேயும் எனக்கு அடையாளம் தெரியும். எங்கள் வீட்டு முற்றத்தில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட விசில் அது. அந்த வாரமே இரண்டு தியேட்டர்கள் என் ஒப்பந்தத்தை ரத்து செய்தன. பார்மாக்காரர்களே விரட்டிய பார்மாக்காரியை யார் எடுப்பார்கள்? இரண்டு வருடமாகப் பணக்காரர் வீட்டுப் பெண்களுக்கு ஸரிகமபதநி சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். இந்த அழைப்பை விட்டால் எனக்கு இன்னொன்று வராது. அது எனக்குத் தெரியும்.

வருகிறேன். ஒரே நிபந்தனை. அன்று தாங்கள் கேலரியில் இருக்கக் கூடாது.

இல்டே கிரார்டி

*

பார்மா, 14 நவம்பர்

இல்டே,

'தாங்கள்' எப்போதிலிருந்து? எனக்கு நாற்பத்து நான்கு வயதுதான் ஆகிறது. பிஷப் ஆகிவிடவில்லை.

முடியாது. முப்பது வருடமாக நான் அந்த இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். காய்ச்சலோடு நின்றிருக்கிறேன். கல்யாணத்தன்று மணமகன் உடையோடு நின்றிருக்கிறேன், அதற்கு டீனா இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை. பாடகருக்கு வசதியில்லை என்று காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவன் நானில்லை.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு நூறு சீஸ் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிக் கேட்கிறேன். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் சொல்லிவிடும். அப்படிப்பட்ட சக்கரத்தின் தோலில் கோடு கிழித்துவிடுகிறேன், இரண்டாந்தரம் என்று. எங்கள் சொந்தப் பண்ணையிலிருந்து வந்ததென்று ஒன்றை விட்டால் மற்ற தொண்ணூற்றொன்பதில் என் முத்திரைக்கு என்ன மதிப்பு?

அன்று நடந்ததை நீ கீழேயிருந்து பார்த்தாய். நான் மேலேயிருந்து பார்த்தேன். திரை எழுவதற்கு முன்னால் அடெல்மோ வரிசை வரிசையாகப் போய் எல்லோர் காதிலும் ஓதினான். "நம்ம வீட்டுப் பொண்ணுடா. எப்படிப் பாடினாலும் கை தட்டிடுங்க. பாவம், அப்பா அம்மா இல்லாத புள்ள." என்னிடமும் வந்து சொன்னான்! உனக்குப் பிச்சை போடச் சொல்லி என்னிடமே கேட்டான்!

நீ பாடினாய். நன்றாகத்தான் பாடினாய். கடைசியில் அந்த உச்ச ஸ்வரம் வர வேண்டிய இடத்தில் நீ ஏறவே இல்லை. கீழேயே நின்று முடித்துவிட்டாய். உனக்கு அது வராதா? பதினாறு வயதில் துணி அலசிக்கொண்டே அதைப் பிடிப்பாய், எதிர்வீட்டுப் பூனை ஓடும். ஏறி உடைந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பயந்து ஒதுங்கினாய். அந்த நொடியில் அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள், பாவம் என்று தட்டுவதற்காக. என் தங்கைக்குப் பாவம் பார்த்து யாரும் கை தட்டக் கூடாது. அதனால் விசிலடித்தேன்.

ஒப்பந்தங்கள் போனது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அடித்திருப்பேன். அழுதிருப்பேன், ஆனாலும் அடித்திருப்பேன்.

லெயார்கோ

*

தூரின், 18 நவம்பர்

அண்ணா,

கோபத்தில் மரியாதை மறந்துவிட்டது. இனிமேல் 'நீ'தான்.

பயந்தேனா? நானா?

அந்த நாளுக்கு முன்னால் இரண்டு வாரம், வாத்தியக் குழுவை நடத்துகிற மாஸ்ட்ரோவோடு ஒத்திகை. முதல் நாளே அவர் என்னைக் கேட்டார், "அந்த உச்ச ஸ்வரம் உங்களுக்கு வருமா?" பாடிக் காட்டினேன். வாத்தியக்காரர்கள் வயலின் வில்லைத் தட்டிப் பாராட்டினார்கள். அவர் ஸ்வரத் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "இதுல எங்க இருக்கு, காட்டுங்க பார்ப்போம்." தேடினேன். இல்லை, அண்ணா. அந்த ஸ்வரம் அதில் இல்லை. 'இருமல்காரி'யை எழுதிய நம் ஊர்ப்பக்கத்து மனிதர் அதை எழுதவே இல்லை. பின்னால் வந்த பாடகிகள் சேர்த்துக்கொண்டது. கேலரி அதைக் கேட்டுக் கேட்டு வேதவாக்காக்கிவிட்டது. அவர் எழுதியதோ, ஏறாமல் கீழேயே முடிகிறது. அந்த நோயாளிப் பெண் அந்த இடத்தில் ஜெயிக்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறேன் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறாள், மூச்சு போதவில்லை, நின்றுவிடுகிறது. மாஸ்ட்ரோ அதை விளக்கியபோது எனக்கு அழுகை வந்தது. அப்படியே பாடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். "பார்மாவிலயா? உங்களைக் கொன்னுடுவாங்களே" என்றார். எங்கள் கேலரிக்குக் காது இருக்கிறது, புரிந்துகொள்வார்கள், முக்கியமாக இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் புரிந்துகொள்வார் என்று பெருமையாகச் சொன்னேன்.

எளிதான வழி எது என்று நினைக்கிறாய்? உச்சத்துக்கு ஏறிக் கைதட்டல் வாங்குவதுதான் எளிது.

நீ நம்ப மாட்டாய். நம்பாதே. இசைப்பள்ளி நூலகத்தில் அச்சுப் பிரதி இருக்கிறது. போய்ப் பார். உனக்கு ஸ்வரத் தாள் படிக்கத் தெரியாது, தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு போ. அந்த ஸ்வரம் அங்கே இருந்தால் நான் வரவில்லை என்று தியேட்டருக்கு எழுதிவிடுகிறேன், இனிமேல் எங்கேயும் பாடவும் மாட்டேன். இல்லையென்றால், அதை நீ ஒயின் கடையில் எல்லோர் முன்னாலும் உன் வாயால் சொல்ல வேண்டும்.

முப்பதாம் தேதிக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இல்டே

*

பார்மா, 25 நவம்பர்

இல்டே,

போனேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டுக்கொண்டு, தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற பிரிமோவை அழைத்துக்கொண்டு போனேன். நூலகத்தில் இருந்த அம்மாள் என் கையை முகர்ந்து பார்த்தாள், சீஸ் வாசனை. இரண்டு முறை கழுவச் சொன்னாள். கழுவினேன். பிரிமோ புத்தகத்தைத் திறந்து விரலை வைத்து ஒவ்வொன்றாக முனகிக்கொண்டே வந்தான். அந்த இடம் வந்தது. நின்றான். கண்ணாடியைத் துடைத்தான். மறுபடி முனகினான்.

"இல்லப்பா" என்றான்.

"அடுத்த பக்கத்துல இருக்கும்."

"அடுத்த பக்கத்துல திரை விழுந்துடுச்சுப்பா."

வேறு பிரதி கேட்டேன். இன்னும் பழையது. அதிலும் இல்லை. நூலக அம்மாள் அலுத்துக்கொண்டு, "எத்தனை எடுத்தாலும் இருக்காது, முதல் வருஷப் பிள்ளைங்களுக்கே இது தெரியுமே" என்றாள். முதல் வருடப் பிள்ளைகளுக்குத் தெரியுமாம், இல்டே. முப்பது வருடம் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றவனுக்குத் தெரியவில்லை. காதால் மட்டுமே கற்றுக்கொண்டவர்கள் நாங்கள், யாரும் ஒரு நாளும் தாளைப் பார்த்ததில்லை.

ஆற்றங்கரையில் வெகுநேரம் நடந்தேன். நல்ல சக்கரத்தின் மேல் கோடு கிழித்துவிட்டேன். என் தொழிலில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. விரிசலைக் கவனிக்காமல் விட்டவனைக்கூட மன்னிப்பார்கள்.

சாயங்காலம் ஒயின் கடைக்குப் போனேன். நாற்காலி மேல் ஏறி நின்று சொன்னேன். அந்த ஸ்வரம் எழுதப்படவே இல்லை, இல்டே எழுதியதைப் பாடினாள், நான் தப்பாக விசிலடித்தேன், நீங்களும் என் பின்னால் தப்பாக விசிலடித்தீர்கள். பிறகு அடெல்மோ எழுந்தான். "எழுதலன்னா? எழுத மறந்துட்டார்யா அந்த மனுஷன்! நாமதான் ஞாபகப்படுத்தணும்!" என்று கத்தினான். பாதிப் பேர் அவன் பக்கம், பாதிப் பேர் என் பக்கம். ஒரு ஜாடி உடைந்தது. நான் இல்லை.

என் விசிலை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். விசிலைத் திரும்ப வாங்க முடியாது என்று தெரியும். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு, தங்கச்சி.

ஆனால் டிசம்பர் 26 அன்று நான் அங்கேதான் நிற்பேன். வீட்டில் இருக்கச் சொல்லாதே. கை தட்டுகிறேன் என்றும் வாக்குக் கொடுக்க மாட்டேன். கேட்பேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

லெயார்கோ

*

தூரின், 28 நவம்பர்

அண்ணா,

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

வந்து நில். நீ கை தட்டுவதாக எழுதியிருந்தால் அந்தத் தாளைக் கிழித்திருப்பேன்.

நாற்காலி மேல் ஏறினாயா? அந்த முழங்காலோடு? யாராவது பிடித்துக்கொண்டார்களா?

எழுதியபடியேதான் பாடுவேன். அதை அடெல்மோவிடமும் சொல்லிவிடு. உன் பழைய சட்டப்படி, கடைசி நாள் காட்சி முடிகிறவரை நாம் பார்த்துக்கொள்ளக் கூடாது, பேசக் கூடாது. பாடுகிறவளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அவளை எடைபோட முடியாது என்பாயே. ஸ்டேஷனுக்கு எதிரில் இருக்கிற ஓட்டலில் தங்குகிறேன். கிறிஸ்துமஸுக்கு டீனா அண்ணி சூப்பில் போடுகிற அனோலினிக் கொழுக்கட்டைகளில் பாதியை எனக்கென்று எடுத்துவைக்கச் சொல்.

இல்டே

*

பார்மா, 27 டிசம்பர், காலை. ஓட்டலுக்கு ஆள் மூலம்.

இல்டே,

சட்டம் பேசக் கூடாது என்றுதான் சொல்கிறது. எழுதக் கூடாது என்று எங்கேயும் இல்லை, அடெல்மோவின் அட்டையைக்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அனோலினியைத் தூக்குப் பாத்திரத்தில் வைத்து அனுப்பியிருக்கிறேன். டீனா எண்ணித்தான் போட்டாள்.

நேற்று மேலே என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். முதல் அங்கம் முடிவுக்கு வந்தது. அடெல்மோ தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். நீ ஏறவில்லை. எழுதியபடி நின்றாய். இந்த முறை நான் ஸ்வரத்துக்காகக் காத்திருக்கவில்லை, அதனால் உன்னைக் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு மூச்சு போதவில்லை. போன முறையும் நீ இப்படித்தான் பாடியிருப்பாய். நான்தான் கேட்கவில்லை.

பின்வரிசையில் எவனோ ஒருவன் விசிலடிக்க விரலை வாய்க்குள் வைத்தான். அடெல்மோ திரும்பி அவன் மணிக்கட்டைப் பிடித்தான். "எழுதினதுதான்டா பாடுறா, படிக்காத முண்டம்!" ஒரு மாதத்துக்கு முன்னால் இதே வாய்தான் மனுஷன் மறந்துவிட்டார் என்று கத்தியது. நான் கை தட்டினேனா என்று கேட்பாய். என்னால் முடியவில்லை. கைகள் வரவில்லை. மற்ற எல்லோரும் தட்டினார்கள். பாவம் பார்த்து ஒருவரும் தட்டவில்லை, என் காதுமேல் சத்தியம்.

ஜனவரி முதல் தேதி கடைசிக் காட்சி. அதுவரை இனி எழுத மாட்டேன்.

லெயார்கோ

*

2 ஜனவரி 1958, தூரின் ரயிலில்

அண்ணா,

எழுத்து ஆடுகிறது என்று திட்டாதே. ரயில் ஆடுகிறது.

அத்தனை நாளும் நான் எழுதியபடியே பாடினேன். நேற்று கடைசி நாள். திரைக்குப் பின்னால் நிற்கும்போது அடெல்மோ ஆள் அனுப்பி ஒரு சீட்டு கொடுத்தான். "மனுஷன் எழுதினதைக் கேட்டாச்சு. ஒரே ஒரு தடவை எங்களுக்காக." மாஸ்ட்ரோவைப் பார்த்தேன். சிரித்தார். தோளைக் குலுக்கினார்.

ஏறினேன். உனக்குத் தெரியும் எப்படி ஏறினேன் என்று. பூனை ஓடுமே, அது. தியேட்டர் கூரை பறந்துவிடும் என்று நினைத்தேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள், பூ எறிந்தார்கள், வாத்தியக்காரர்கள் காலால் தரையைத் தட்டினார்கள்.

அந்த ஆர்ப்பாட்டத்துக்கு நடுவில், இரண்டாவது தூணுக்குப் பக்கத்திலிருந்து, ஒரே ஒரு விசில்.

மூச்சுத் திணற வேண்டியவள் மேடையில் சிரித்துவிட்டேன், அண்ணா. வாயை விசிறியால் மூடிக்கொண்டேன். எழுதாததைப் பாடிவிட்டேன் என்று உலகத்திலேயே ஒரே ஒரு ஆள் விசிலடிக்கிறான், அவன் என் அண்ணன். அந்தக் கைதட்டல் எல்லாமும் சேர்ந்து எனக்கு இவ்வளவு பெருமை கொடுக்கவில்லை.

அடி பலமா? ஸ்டேஷனுக்கு வந்த டீனா அண்ணி, உன் தொப்பியைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டார்கள் என்றும், கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறது என்றும் சொன்னாள். நீ வெட்கப்பட்டுக்கொண்டு வரவில்லையாம். முட்டாள்.

மிலானிலிருந்தும் வெனிஸிலிருந்தும் தியேட்டர் ஆட்கள் வந்திருந்தார்கள். இரண்டு கடிதங்கள் என் பையில் இருக்கின்றன. பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதை இந்த மாதத்தோடு நிறுத்தப் போகிறேன்.

இல்டே

*

பார்மா, 7 ஜனவரி 1958

இல்டே,

வீக்கம் வடிந்துவிட்டது. அடித்தது அடெல்மோதான். மறுநாள் இலவசமாக முகம் மழித்துவிட்டான், கண் பக்கம் மட்டும் மெதுவாக.

நீ பிடித்த அந்த ஸ்வரம் பழுதில்லாதது. தட்டிப் பார்த்தேன், எங்கேயும் விரிசல் இல்லை. இருந்தாலும் எழுதவில்லையே! என்ன செய்ய?

நேற்று பட்டியல். ஒவ்வொருவராக எழுந்து அவரவர் மூன்றைப் படித்துக் காரணம் சொன்னார்கள். என் முறை வந்தது. மூன்றாவது 'எகிப்து', காரணம் சொன்னேன். இரண்டாவது 'கூனன்', காரணம் சொன்னேன். 'குண்டுக் கிழவ'னை எடுத்துவிட்டேன், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். முதலாவது 'இருமல்காரி' என்று படித்தேன். காரணம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மூன்று நாளாக முயன்று பார்த்தேன். எப்படித் தொடங்கினாலும் உன் பெயரில்தான் போய் முடிகிறது. பாடகர் பெயர் வரக் கூடாது என்பது சட்டம்.

"காரணம்?" என்று கேட்டான் அடெல்மோ.

வெறும் தாளைத் திருப்பிக் காட்டினேன். காரணம் இல்லாத ஓட்டு செல்லாது, சுவரிலேயே மாட்டியிருக்கிறது. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அடெல்மோ அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு கணக்கில் ஒரு கோடு போட்டான்.

"செல்லும்" என்றான்.

யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

உன் அண்ணன்
லெயார்கோ